கேள்வியும் ஊர் நூலகமும்

போடிநாயக்கனூருக்கு வந்து இறங்கும் வெளியூர் அன்பர் முதலில் உணர்வது ஏலக்காயின் மணத்தைத்தான். மேற்கே வானளாவி நிற்கும் மலைகளில் விளையும் காய், உலர்த்தப்பெற்று, மூட்டைகளாக இவ்வூருக்கு இறங்குகின்றது. 'ஏலம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று மணப்பொருள், அது பழந்தமிழ்ச் சொல். மற்றொன்று விலை கூறி விற்கும் முறை. அது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும் ஊர் எங்கள் ஊர். முன்பு வாய்விட்டு விலை கூறிய வணிகர்கள் இன்று கணிப்பொறித் திரையின்முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகின்றனர். அவ்வளவே வேறுபாடு, ஏலம் இன்றும் ஏலத்திற்குத்தான் வருகின்றது.

இந்த மணத்திற்குப் பின்னே இருக்கும் கைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பொழுது விடியுமுன் போடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். ஆண்களும் பெண்களும், பெரும்பாலும் பெண்களே, தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு ஏறுவர். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மாநில எல்லையையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, இராஜகுமாரி முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களில் களை எடுப்பர், காய் பறிப்பர். மாலையில் அதே ஜீப்பில் திரும்புவர். ஊர் வந்து சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். மலையேறாத பெண்கள் வேறு சிலர் உளர். அவர்கள் ஊருக்குள்ளேயே கிடங்குகளில் தரையில் அமர்ந்து, உலர்ந்த காயைப் பருமன் பார்த்தும் நிறம் பார்த்தும் நாள் முழுவதும் தரம் பிரிப்பர்.

இவர்களுக்கும் ஊர் நூலகத்திற்கும் என்ன தொடர்பு? மாணவர்களிடம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "நூலகத்தின் கதவு எல்லோர்க்கும் திறந்தே இருக்கிறதே, ஐயா" என்பதே பெரும்பாலும் வரும் விடை. உண்மைதான். ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே நுழைய இயல்வது வேறு. ஜீப்பு வந்து சேரும் வேளையில் நம் நாட்டின் சிறு நூலகங்கள் பலவும் பூட்டப்பட்டுவிடுகின்றன. பூட்டாமல் வைத்திருந்தாலும், எழுத்தறியாதவர்க்கு அலமாரி நிறைய இருக்கும் நூல்கள் செங்கல் அடுக்கிற்கு ஒப்பானவையே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர். பெண்களை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ 73 பேர். எஞ்சியவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் அல்லர். நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கள், பலருக்குப் பெற்ற தாய், சிலருக்குப் பாட்டி.

இவர்களை நூலகத்திற்குள் அழைத்து வரும் வழி எது? என் துணிபு இது: எழுத்தறியாதவர்க்கு நூலகத்தின் வாசல் செவியே. வள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்தை அமைத்து, அதனை அடுத்துக் கல்லாமையைக் கூறி, அதன்பின் கேள்வியை வைத்தார். நூலைத் தாமே கற்க இயலாதவரும் கற்றாரிடம் கேட்டறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் கூறிய கேள்வி, செவியால் பெறும் கல்வி. நாம் இன்று 'கேள்வி' என்றால் வினா என்று பொருள் கொள்கிறோம். ஒரே சொல் இவ்விரண்டையும் குறிப்பது எனக்குப் பெரிதும் உவப்பானது. கேட்பவன் வாய்மூடிக் கேட்பவனாக மட்டும் இருத்தல் கூடாது, திருப்பிக் கேட்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்பதை மொழியே நமக்குச் சொல்வதுபோல் இருக்கிறது.

கேட்டுக் கற்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அறிஞர் வாதிடும் பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிக்கின்றன. அவ்வளவு பின்னோக்கிச் செல்ல வேண்டுவதும் இல்லை. நம் பாட்டனார் காலத்தில் கோயில் முன்றிலில் பாரதம் படித்தார்கள். ஒருவர் படிப்பார், ஊர் கேட்கும். 'பெரிய எழுத்து' என்று பெயர் தாங்கி மலிவுப் பதிப்புகளாக வந்த கதைப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் அவ்வாறு வந்தன. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டது மங்கிய விளக்கொளியில் ஒருவர் உரக்கப் படிக்கவும், சுற்றி இருந்தோர் கேட்கவும் பெரிதும் உதவிற்று. ஒரு புத்தகம் விற்றால் இருபது பேர் கதை கேட்டனர். அந்த இருபது பேரில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இந்தப் பழைய வழக்கத்தைப் புதிய நூலகத்தோடு இணைத்துப் பார்த்தவர்களுள் தலையாயவர் சீர்காழியில் பிறந்த அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பெற்றபோது, பேச்சுத் துணையற்ற அந்தத் தனிமை பொறுக்காமல், மீண்டும் கல்லூரி வகுப்பிற்கே போய்விட விரும்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கே நூலகங்கள் குழந்தைக்கும் தொழிலாளிக்கும் உதவுவதைக் கண்டார். மனம் மாறித் திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. அவற்றுள் இரண்டாம் விதி, ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது. ஒவ்வொருவர்க்கும் என்றால் எவர்க்கெல்லாம்? நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும், ஆடவர்க்கும் மகளிர்க்கும், உயர்ந்தோர் எனப்பட்டவர்க்கும் பொதுமக்களுக்கும் என்று அவரே விரித்துரைத்தார். அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் நூலைத் தேடி வரவில்லையெனில் நூல் வாசகரைத் தேடிப் போகட்டும் என்பது அந்த வண்டியின் கொள்கை. இன்று மலைச்சரிவில் ஜீப்பு போகும் இடமெல்லாம் நூல் போகக் கூடாதா என்று நான் நினைப்பதுண்டு.

அரங்கநாதன் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. 1950இல் அது நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கப்படுகின்றது. இப்பொழுது ரூபாய்க்குப் பத்துக் காசு. ஓட்டு வீட்டிற்கு வரி கட்டும் தோட்டத் தொழிலாளி, தம் வாழ்நாளில் நூலகப் படியை மிதியாமலே நூலகத்திற்குப் பணம் தந்துகொண்டிருக்கிறார். ஆதலின் அவரை நூலகத்திற்கு அழைப்பது நாம் செய்யும் தருமம் அன்று. அவருக்கு நாம் தர வேண்டிய பாக்கி.

இனி நூலகச் சொற்பொழிவுகளைப் பற்றிப் பேசலாம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். அந்த வாரத்தில் நூலகந்தோறும் விழா நடைபெறும். பல ஊர்களில் நூலகத்தோடு இணைந்த வாசகர் வட்டங்கள் உண்டு. அவை நற்பணி செய்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் அறிஞர்களும் எழுத்தாளர்களும் பேசும் நிகழ்ச்சி உண்டு. மதுரையில் 2023 ஜூலை 15இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பெற்றது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், ஜூன் 15இல், அகலப்பாதை வேலைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த இரயில் போடிக்குத் திரும்ப வந்தது. ஆகவே, மதுரையிலிருந்து பேச்சாளர் வருவதற்கு வண்டி இல்லை என்ற குறையும் இனி இல்லை!

ஆனால் சிற்றூர்களில் நடைபெறும் சொற்பொழிவு எவ்வாறு இருக்கிறது? வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, பொன்னாடை, மீண்டும் ஒருவருக்குப் பொன்னாடை. பேச வந்தவர் எழும்போது பாதி நேரம் கழிந்துவிடும். அவரும் நகைச்சுவையாகப் பேசி முடிப்பார், நன்றியுரையும் நாட்டுப்பண்ணும் தொடரும், எல்லோரும் எழுந்துவிடுவர். கேட்டவர்களுள் ஒருவரும் ஒரு வினாவும் கேட்டிரார். பேசப்பட்ட பொருளைப் பற்றிய நூல் அதே கட்டிடத்தில், பத்தடி தொலைவில், அலமாரிக்குள் இருக்கும். அதனை எடுத்துக் காட்டியவரும் இரார். நூலகத்தில் நடைபெற்றது என்பது தவிர அச்சொற்பொழிவிற்கும் நூலகத்திற்கும் வேறு உறவு இல்லை. நான் பொன்னாடைக்குப் பகைவன் அல்லன். நெசவாளர்க்கு அதனால் வருவாய் உண்டு. எனினும், அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நல்ல சொற்பொழிவு என்ன செய்யும் என்பதற்கு மாணவர்கட்கு ஒரு வரலாறு சொல்கிறேன். இலண்டனில் புத்தகம் கட்டும் கடையொன்றில் ஏழை இளைஞன் ஒருவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு வளர்த்தவன் அவன். 1812இல் அக்கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி என்ற பெருவிஞ்ஞானி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு அவனுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். இளைஞன் கேட்டான், குறிப்பெடுத்தான், வீட்டிற்கு வந்து அதனை விரித்து எழுதிப் படமும் வரைந்தான், தன் கையாலேயே அழகிய புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அவன்தான் மைக்கேல் பாரடே. 1831இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையின்மேல்தான் இன்றைய மின்னாக்கிகள் இயங்குகின்றன. பிற்காலத்தில் அவரே அதே மேடையில் நின்று மெழுகுவர்த்தி எரிவதைப் பற்றிச் சிறுவர்களுக்குப் பேசினார். அன்று டேவியின் பேச்சைக் கேட்டோர் பலர் இருந்திருப்பர். எழுதிவைத்துக்கொண்டு வீடு சென்று மீண்டும் படித்தவனுக்கே அது பயன்பட்டது. பேச்சிலிருந்து நூலுக்கும் நூலிலிருந்து ஆய்விற்கும் ஒரு படிக்கட்டு அமைந்தது.

பாரடேக்கு எழுத்துத் தெரியும். எழுத்தறியாதவர்க்கு அந்தப் படிக்கட்டு எங்கே தொடங்குகிறது? 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் அறிவொலி இயக்கம் நடைபெற்றது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். அது நாடெங்கும் பேசப்பட்டது. அக்காலத்தில் இளம் ஆசிரியனாக இருந்த நானும் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இரவு வகுப்பு நடத்தினேன். எட்டரை மணிக்கு வகுப்பு. அதற்குமுன் வைத்தால் அடுப்பு விடாது. இருபது பெண்கள் வந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர், மூன்று வாரத்தில் தம் பெயரை எழுதப் பழகினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவர் சிரித்தார், பின்னர்ச் சொன்னார்: "கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்திட்டீக, வாத்தியார் தம்பி. எதுல போடுறேன்னு எப்பச் சொல்லிக் குடுப்பீக?"

முதியோர் கல்வியைப் பற்றி நான் பயிற்சிக் கல்லூரியில் படித்தவை பலவும் மறந்துவிட்டன. இந்த வினா மறக்கவில்லை. கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றுவது கணக்கெடுப்பிற்குப் போதும், வாழ்க்கைக்குப் போதாது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, கூலிச் சீட்டில் எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது, வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வந்த செய்தி உண்மையானதா என்பனவற்றைத் தெளிந்தபின்னரே கையெழுத்திற்குப் பொருள் உண்டு. பிரேசில் நாட்டில் 1963இல் பாலோ பிரையிரே என்ற கல்வியாளர், ஆங்கிகோஸ் என்ற ஊரில், எழுத்தறியாத உழைப்பாளிகள் 300 பேருக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். 'அம்மா', 'ஆடு' என்று அவர் தொடங்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் நாள்தோறும் புழங்கிய சொற்களைத் தேர்ந்து, அவற்றைப் பற்றி முதலில் பேசவைத்து, பின்னரே எழுத்தைக் காட்டினார். எங்கள் மலைக்கு அவர் வந்திருந்தால் 'கூலி', 'மூட்டை', 'எடை' என்று தொடங்கியிருப்பார் என்று எண்ணுகிறேன்.

அறிவொலி வகுப்புகள் முடிந்தன. முதல் நூலைப் படித்து முடித்தவர் பலர். இரண்டாம் நூல் கிடைக்காமல் எழுத்தை மீண்டும் மறந்தவரும் பலர். தொடர்கல்வி நிலையங்கள் தோன்றின. பல இடங்களில் அவை நீடிக்கவில்லை. நிலையாக நிற்பது எது என்று பார்த்தால் ஊர் நூலகம் ஒன்றே. திட்டங்கள் ஐந்தாண்டில் முடியும். நூலகத்திற்கு முடிவுத் தேதி கிடையாது. முதியோர் கல்வியை நூலகத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

எல்லைக்கு அப்பால், மலையின் மறுசரிவில், நம்மவர் வேலை செய்யும் கேரளத்தில் அவ்வாறுதான் நடந்தது. பி. என். பணிக்கர் என்ற ஆசிரியர் 1945இல் 47 ஊர் நூலகங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர்க் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் பின்னர்க் கேரளம் முழுவதும் பரவியது. 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டபோது, அதனை அறிவித்தவர் அமைச்சர் அல்லர்; புதிதாக எழுத்தறிந்த செலக்கோடன் ஆயிஷா என்னும் முதிய அம்மையார். அந்த வெற்றிக்குப் பின்னே அரை நூற்றாண்டு நூலகப் பணி இருந்தது.

கேரளத்தின் வடபகுதியில், கண்ணூர்ப் பக்கம், பீடித் தொழிலாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். பலரும் பீடி சுற்ற, ஒருவர் மட்டும் சுற்றாமல் செய்தித்தாளும் நூலும் உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி குறையாதபடி மற்றவர்கள் தம் பங்கிலிருந்து பீடிகளை அவர் கணக்கில் சேர்ப்பர். கடல் கடந்து கியூபா நாட்டின் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளிலும் 1865 முதல் இவ்வாறு படிப்போர் இருந்தனர். கை வேலை செய்கிறது, செவி சும்மா இருக்கிறது. அந்தச் செவிக்கு உணவு கொடுத்தனர். ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்குகளில் நான் பெண்களைப் பார்க்குந்தோறும் இவ்வழக்கம் நினைவிற்கு வரும். அங்கும் கையும் கண்ணும் வேலை செய்கின்றன. செவி சும்மா இருக்கிறது. உரிமையாளர் இசைந்தால், நூலகத்திலிருந்து ஒருவர் நாளைக்கு அரை மணி நேரம் படிப்பது அரிய செயலா? காய் படிப்பால் கெடாது.

வானொலியில் பேசும்போது வானொலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடா நாட்டு உழவர்கள் அண்டை வீடொன்றில் கூடி வானொலிப் பேச்சைக் கேட்டு, கேட்டதைப் பற்றி விவாதித்து, தம் முடிவை எழுதி அனுப்பும் முறை 1941 முதல் அங்கே நடந்தது. அதனைப் பின்பற்றி 1956இல் பூனா வானொலி நிலையம், யுனெஸ்கோவின் துணையோடு, 150 கிராமங்களில் உழவர் மன்றங்கள் அமைத்தது. மன்றத்தில் கூடி விவாதித்த ஊரார், வானொலியை வெறுமனே கேட்ட ஊராரைவிட மிகுதியாகக் கற்றிருந்தனர் என்று ஆராய்ந்தோர் கண்டனர். இப்பொழுது நீங்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்வதைவிட, அருகில் இருப்பவரோடு இதனை மறுத்துப் பேசினால் எனக்கு மகிழ்ச்சி மிகும்.

மறுத்துப் பேச ஓர் இடம் வேண்டும் என்பது எங்கள் பகுதியில் வெறும் ஏட்டுப் பேச்சு அன்று. போடி மேற்கு மலைப்பகுதியில், பொட்டிப்புரம் ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் அளவில் காந்தமூட்டிய இரும்பாலான கருவி என்று திட்டமிட்டனர். நியூட்ரினோ என்பது மிக நுண்ணிய துகள். ஞாயிற்றிலிருந்து வரும் அத்துகள்கள் கோடானு கோடியாக ஒவ்வொரு நொடியும் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகையால் மலைக்குள் வைத்து அதனை ஆராய்வர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை உலகில் முதன்முதல் கண்ட இடங்களுள் ஒன்று 1965இல் நம் கோலார்த் தங்கவயலின் சுரங்கம் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

இவ்வளவும் விஞ்ஞானிகள் கூறினர். ஊர் மக்கள் கேட்டவை வேறு. மலையை வெடிவைத்து உடைத்தால் ஊற்று வற்றாதா? ஆடு மேய்க்கும் இடம் என்னாகும்? கதிர்வீச்சு வருமா? எல்லைக்கு அப்பால் அருகிலேயே மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறதே? போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் நடந்தன. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் நடுவண் அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாட்டு அரசு திட்டத்தை ஏற்கவியலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. திட்டம் நல்லதா தீயதா என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஊற்றைப் பற்றிய அச்சத்தையும் கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது சரியன்று என்பது என் கருத்து. முன்னது ஆராய்ந்து விடை காண வேண்டிய வினா. பின்னதற்கு விடை முன்பே நூல்களில் இருந்தது. ஞாயிற்றின் நியூட்ரினோ ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் நம்மை ஊடுருவிச் செல்லும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு ஊராருக்குத் தேவையானது மேடை அன்று, மேசை. ஒருபுறம் விஞ்ஞானி, எதிரே ஆடு மேய்ப்பவர், இருவர்க்கும் ஒரே உயர நாற்காலி, நடுவே நூல்கள், நில வரைபடம். மேடையில் கைதட்டல் கிடைக்கும். மேசையில்தான் "அது எப்படி?" என்று இரண்டாம் முறை கேட்க முடியும். அத்தகைய மேசை எப்போதும் ஆயத்தமாக இருக்கத்தக்க இடம் ஊரில் நூலகத்தைத் தவிர வேறு எது?

ஆகவே, நூலகச் சொற்பொழிவைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. நேரம் இரவு எட்டரை மணியாக இருக்கட்டும். ஞாயிறு மாலையாயினும் சரி. பேச்சு அரை மணி, வினாவிற்கு அதனினும் கூடுதலான நேரம். பேசும் பொருளைப் பற்றி நூலகத்தில் உள்ள நூல்கள் அத்தனையும் வாயிலருகே மேசையில் பரப்பப்பட்டிருக்க வேண்டும். எழுத்தறியாதவரும் படத்தைப் பார்க்கட்டும், அட்டையைத் தொடட்டும். எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒரு பதிவேடு. கேட்கப்பட்ட வினா ஒவ்வொன்றையும் மாணவர் ஒருவர், கேட்டவர் கூறிய சொற்களிலேயே எழுத வேண்டும். அன்று விடை கிடைக்காத வினாவிற்கு அடுத்த மாதம் நூலைத் தேடி விடை கூற வேண்டும். எழுதத் தெரியாத ஒருவர் தம் சொல் தாளில் ஏறுவதையும், அதனை ஒருவர் திரும்பப் படித்துக் காட்டுவதையும் காணும்போது, எழுத்து எதற்கு என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். அதன்பின் அகரம் கற்பிப்பது எளிது.

பணி ஓய்விற்குப் பின்னர், கல்லூரி மாணவர் சிலரைத் துணைக்கொண்டு இவ்வாறு ஒரு பதிவேட்டை நடத்தி வருகிறோம். அதில் இருப்பன சில சொல்கிறேன். "காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, காய் அதே காய்தானே?" "மலையாளத்துல எழுதின சீட்டுல என் பேரு எந்த எழுத்து?" "போனுல பரிசு விழுந்திருக்குன்னு வருதே, நம்பலாமா?" "மருந்து அடிச்ச அன்னைக்குப் பச்சப்பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?"

முதல் வினாவிற்கு ஏல முறையை அறிந்த ஒருவர் வந்து விளக்கினார். இரண்டாவதற்காக மலையாள எழுத்துகளைத் தமிழோடு ஒப்பிட்டு ஓர் அட்டை எழுதினோம், நூலகத்தில் தொங்குகிறது. மூன்றாவதற்குக் கல்லூரி மாணவர்களே விடை சொன்னார்கள். அவர்களுக்கு அதில் பயிற்சி மிகுதி. நான்காவது வினா வந்த அன்று, பூச்சி மருந்துப் புட்டிகளின் மேலிருக்கும் அடையாளத்தைப் படமாக வரைந்து காட்டினோம். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு புட்டியிலும் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கொடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அதற்குக் கீழே நீலம், பச்சை எல்லாவற்றினும் குறைந்தது. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சே. நிறத்தை அறிய எழுத்து வேண்டியதில்லை. நாளெல்லாம் நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் கண்களுக்கு அது நொடியில் பதிந்துவிட்டது. மறுவாரம் ஒருவர் தோட்டத்திலிருந்து காலிப் புட்டியின் தாளை மட்டும் கிழித்துக் கொண்டுவந்து, "இதுல நிறம் மஞ்சள்; கீழே எழுதியிருக்கிறது என்ன?" என்று கேட்டார். அன்று முதல் அவருக்கு எழுத்துப் பாடம் அந்தத் தாளிலிருந்தே நடக்கிறது.

ஆயினும், பால் கொடுக்கலாமா என்ற வினாவிற்கு நிறம் மட்டும் விடையாகாது. அது மருத்துவர் கூற வேண்டியது. வரும் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அதற்கென ஒரு பெண் மருத்துவரை அழைத்திருக்கிறோம். ஜீப்பு வந்து சேர நேரமானால் அவர் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.